மார்பில் இருந்த ஓட்டை

பழைய ராணுவ உடைகளைச் சேர்ப்பது என் வியாதி. அவற்றில் ஒரு சட்டையின் காலருக்குள் ஓர் எண் இருந்தது. அதற்குரிய சிப்பாயைத் தேடி ஆவண அலுவலகத்துக்கு ஒன்பது வருடம் கடிதம் எழுதினேன். அதற்குள் அங்கே மூன்று குமாஸ்தாக்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நான்காமவர் தொல்லை தாங்காமல் பெயரையும் மகளின் முகவரியையும் அனுப்பினார். போரில் காணாமல் போனவராம்.

மகளுக்கு எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. சட்டையின் மார்பில் இருந்த ஓட்டையை வைத்து, குண்டு துளைத்ததாகக் கதை அளந்துவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் அந்த மகள், எழுபது வயது அம்மா, என் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். சட்டையை மடியில் வைத்து ஓட்டையைத் தடவினார்.

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

"அது பூச்சி அரிச்ச ஓட்டைம்மா. குண்டுன்னு நான்தான் கதை கட்டினேன். இது அணிவகுப்புச் சட்டை. சண்டைக்குக் கிளம்பும்போது கிடங்குல கொடுத்துட்டுப் போவாங்க, திரும்பி வந்தா வாங்கிக்குவாங்க."

உள்ளேயிருந்து என் மனைவி, "கல்யாணமாகி இன்னிக்குத்தான் வாயில நிஜம் வருது" என்றாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"அப்போ எப்படிச் செத்தாரு?"

"தெரியலம்மா."

சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இதைக் கழட்டிக் கொடுக்கறப்போ, வந்து வாங்கிக்கலாம்னுதானே நெனச்சிருப்பாரு?"

"ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.