எட்டு வாத்துக்கு அரசாங்க முத்திரை

இன்ஷிராஹின் மகளுக்கு நேற்றுதான் கல்யாணம். விடிந்ததும் பெண்ணைப் பெற்றவள் வாத்தும் புறாவும் சமைத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அண்டாவைக் கட்டிய துணியைச் சம்பந்தி தஹானிதான் அவிழ்க்க வேண்டும். நேரம் கடந்தாலோ, வழியில் வேறு கை பட்டாலோ, மகள் ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள். தஹானியின் நாக்கு அப்படிப்பட்டது.

ஸகாஸீக் ஊருக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடிக்காரர்கள் அவள் ஏறியிருந்த மைக்ரோபஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் அடையாள அட்டைகளைக் கைமாற்றி முன்னால் அனுப்பினார்கள். இளம் அதிகாரியின் கண் இன்ஷிராஹின் மடியிலிருந்த அண்டாவில் விழுந்தது.

"அவிழ்."

"எதுக்கு பாஷா?"

"சோதனை."

இருபது வருஷம் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கு டீ போட்டவள் அவள். ஆட்டுக்குட்டிபோல் அவிழ்த்துவிடுவாளா?

"அட்டை கேட்டீங்க, குடுத்தேன். அது உங்க உரிமை. அண்டாவைத் திறக்கணும்னா நீதிபதி கையெழுத்து வேணும். இல்லேன்னா என்மேல சந்தேகப்பட ஒரு காரணமாவது வேணும். என்ன காரணம் எழுதுவீங்க? வாசனையா?"

பஸ்ஸே சிரித்தது. அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது.

"வண்டிய ஓரங்கட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. நிறுத்தின நேரம், காரணம், உங்க பேரு, மூணையும் எழுதி எனக்கும் ஒரு நகல் குடுத்துடுங்க."

ஓட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஹஜ்ஜா, காட்டித் தொலைங்களேன்! பின்னாடி வரிசையப் பாருங்க!"

"நீ ஸ்டீயரிங்கப் பிடி உஸ்தா. சட்டத்த நான் பிடிச்சுக்கறேன்."

ஒரு மணி நேரம் இழுத்தது. வரிசையில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கடைசியில் அதிகாரி கும்பிடாத குறை.

"சரி தாயே, திறக்க வேணாம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லு, எழுதிக் குடுத்துடறேன்."

"எட்டு வாத்து. இருபது புறா."

இருந்ததென்னவோ நாலும் பத்தும்தான். ஆனால் பஸ் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும்போது, சீர் கொண்டுபோகிறவள் எவளாவது நாலு என்று சொல்வாளா? அதிகாரி அப்படியே எழுதி, முத்திரை குத்தி, நகலை நீட்டினார். ஜெயித்த பெருமையில் இன்ஷிராஹுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே தஹானி நின்றிருந்தாள். "மதியம் தாண்டிப்போச்சே சம்பந்தி! வாத்து நடந்தே வந்துச்சோ?"

"சாவடியில நிறுத்திட்டாங்க. இதோ பாருங்க, அரசாங்கக் காகிதம்!" என்று நீட்டிவிட்டாள். தஹானி ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு மறு கையால் துணியை அவிழ்த்தபோதுதான் அதில் எழுதியிருந்த எண்ணிக்கை இன்ஷிராஹுக்கு ஞாபகம் வந்தது.

தஹானி காகிதத்தைப் படித்தாள். அண்டாவுக்குள் எண்ணினாள். மறுபடி படித்தாள். மகளின் முகம் வெளுத்தது.

"அடப்பாவிங்களா!" தஹானி மார்பில் அடித்துக்கொண்டாள். "நாலு வாத்தையும் பத்துப் புறாவையும் முழுங்கிட்டு, முத்திரை வேற குத்தி அனுப்பியிருக்கானுங்களே!"

வீடே சேர்ந்து சாவடியைச் சபித்தது. இன்ஷிராஹுக்கு அந்தப் பையன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அவன் ஒரு சிறகைக்கூடத் தொடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சொன்னால் மட்டும் அந்த ஊரில் யார் நம்பப்போகிறார்கள்?