லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் படிக்கட்டு

"நிறுத்துங்க. அப்பா கால் சுவத்துல இடிக்குது" என்றாள் மகள்.

மூன்றாவது முறையாக ஸ்ட்ரெச்சர் நாலாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நிமிர்த்தினால் அப்பா சரிகிறார்; சாய்த்தால் கைப்பிடிக் கம்பி தடுக்கிறது. வேன்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாற்காலியில உட்கார வச்சுத்தான் இறக்கணும்மா. வேற வழியில்ல."

முப்பத்து நாலு வருஷம் ஊரிலுள்ள கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிக் கொடுத்த மனுஷன், பெட்ஷீட்டால் நாற்காலியோடு கட்டுண்டு இறங்கப்போகிறார். கண்கொண்டு பார்க்கிற காட்சியா இது?

பணம் இல்லாமலா? என்றோ அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போட்ட மனை, பக்கத்தில் பெரிய சாலை வந்ததும் போன வருஷம் கோடிக்கு மேல் போனது. அப்பா பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் அம்மா கீழே இறங்கி இரண்டு வருஷமாகிறது, மொத்தக் கட்டடத்துக்கும் லிஃப்ட் போட்டாலும் பாதிக்கு மேல் மிஞ்சும் என்றார். படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை அளந்து சாக்பீஸால் கோடுகூடப் போட்டுவிட்டார்.

"நம்ம காசுல ஊரான் ஏறி இறங்கணுமா?" என்றான் அண்ணன். அவனுக்குத் தன் கடையைப் பெரிதாக்க வேண்டும். பாங்குக் கணக்கு அப்பா பெயரிலும் அவன் பெயரிலுமாக இருந்தது. இரண்டு கையெழுத்து இல்லாமல் சல்லிக்காசு நகராது. இன்றைக்கு, நாளைக்கு என்று எட்டு மாசம் இழுத்தடித்தான் படுபாவி.

அவனை மட்டும் சொல்லி என்ன? "இப்ப என்னப்பா அவசரம், மெதுவா பாத்துக்கலாம்" என்றது யாராம்? தனக்கும் ஒரு பங்கு தேறும் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இருந்தது யாராம்? தன்னையே பளாரென்று அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இன்று காலை காய்கறிப் பையும் அம்மாவின் மாத்திரையுமாக ஏறி வந்த அப்பா, "மூச்சு வாங்குது, கொஞ்சம் படுக்கிறேன்" என்றார். பிறகு எழுந்திருக்கவில்லை.

நாற்காலி திருப்பத்தில் மறைந்ததும் அண்ணன் அம்மாவிடம் வந்தான். "நீ இங்கயே இரும்மா. ஜன்னல் வழியா பாத்துக்கோ."

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தாள்.

"என்னம்மா இது, சின்னக் குழந்தை மாதிரி. நான் தூக்கிட்டுப் போறேன்."

"தொடாதே."

அண்ணன் விருட்டென்று கீழே போய்விட்டான். மகள் ஒரு படி கீழே இருந்துகொண்டு அம்மாவின் காலைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். மொத்தம் அறுபத்தெட்டுப் படி. இரண்டாம் மாடியில் அம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை.

"சீக்கிரம் வாங்க, வேன் காத்திருக்கு" என்று கீழேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"காத்திருக்கட்டும்" என்றாள் மகள். "அப்பா எட்டு மாசம் காத்திருந்தாரு."



சுடுகாட்டில் எல்லாம் முடிந்து சாயங்காலம் அண்ணன் கடை வேலையாட்கள் இரண்டு பேரோடும் ஒரு நாற்காலியோடும் வந்து நின்றான். அம்மா படிக்கட்டுக்கு அடியில், கீழ்வீட்டுக்காரி கொடுத்த விரிப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல உட்காரும்மா. பத்திரமா மேல கொண்டுபோய் விட்டுடுவாங்க."

"லிஃப்ட் வரட்டும், வரேன்."

"விளையாடுறியா? அதுக்கு ஆறு மாசம் ஆகும். போறவங்க வர்றவங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டுமே. இப்பதான் உன் ஒரு கையெழுத்தே போதுமே. இன்னொண்ணு போட ஆள் இல்லையே."

அவன் முகம் சுண்டிப்போனது. தங்கையின் பக்கம் திரும்பினான். "நீயாவது எடுத்துச் சொல்லேன்."

அவள் மேலே ஏறினாள். நாலு மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. அம்மாவின் மாத்திரை டப்பா, போர்வை, தலையணை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பூட்டப்போனவள், மறுபடியும் உள்ளே போய் இன்னொரு தலையணையையும் எடுத்துக்கொண்டாள்.