சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே

ஜெபத்தில் கண்ணை மூடாத பொம்பளையை எப்படி நம்புவது? சுதர்சினி மீது புஷ்பவதிக்கு முதல் நாளே சந்தேகம் விழுந்துவிட்டது.

அரநாயக்கவுக்கு மேலே, தேயிலையும் றப்பரும் கலந்து நிற்கும் தோட்டம் அது. கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளான பணிய லயத்தில் கடைசிக் காம்பராதான் ஜெபவீடு. தகரக் கூரை, இருபது பிளாஸ்டிக் கதிரை, சுவரில் ஒரு சிலுவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டர் விஜேந்திரன் கேகாலையிலிருந்து பஸ் ஏறி வருவார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டின் சாவியும், அங்கே வரும் இருபத்தேழு பேரின் நடவடிக்கையும் புஷ்பவதியின் பொறுப்பு. சாவியைப் பாஸ்டர் கொடுத்தார். மற்றதை அவளே எடுத்துக்கொண்டாள்.

எசமான் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது, வேலைக்காரர் விழித்திருக்க வேண்டும் என்று பாஸ்டர் அடிக்கடி பிரசங்கிப்பார். புஷ்பவதி விழித்துத்தான் இருந்தாள், அதில் குறை சொல்ல முடியாது. என்ன ஒன்று, வாசலைப் பார்க்க வேண்டிய கண் எந்நேரமும் மற்ற வேலைக்காரர் மேலேயே இருந்தது.

அந்தச் சபையில் ஞானஸ்நானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய விசுவாசி ஒருவர் எழும்பி, இவள் பழசை விட்டுவிட்டாள், இவளுடைய விசுவாசம் உண்மையானது என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு கொழுந்தெடுத்துப் பிழைக்கிற சுதர்சினி எட்டு மாதமாக அந்தச் சாட்சிக்காகக் காத்திருந்தாள். இரண்டு முறை பாஸ்டர் கேட்டார். இரண்டு முறையும் புஷ்பவதி உதட்டைப் பிதுக்கி, "இன்னும் கொஞ்சம் பாப்பமே பாஸ்டர்" என்று தள்ளிப்போட்டாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? மழை பலத்தால் சுதர்சினி பாட்டின் நடுவிலேயே எழும்பி வெளியே போகிறாள். ஆமென் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. போன பங்குனியில் மாரியம்மன் கோவில் மண்டபத்துக்குள் போய் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாள். புஷ்பவதி அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அன்று லயமே திரண்டு அங்கேதான் போனது, ஏதோ கூட்டமாம். கூட்டமாவது மண்ணாங்கட்டியாவது! ஞானஸ்நானம் எடுத்த ஐந்து வருடத்தில் புஷ்பவதி அந்தக் கோவில் படியை மிதித்ததில்லை. அவள் புருஷன் பழனிமுத்து போய்விட்டு வந்து, "இந்தா, அந்த மீட்டிங்குல என்னா சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்தார்.

"கோவில் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

"சரி தாயே" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவருக்கு எப்போது வாயை மூடுவது என்று தெரியாதா?

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியம் ஆரம்பமானது. லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சுதர்சினி ஒரு கம்பை நட்டிருந்தாள். கம்பைச் சுற்றி மூன்று கல். காலையில் ஒருமுறை, அந்திக்கு ஒருமுறை அங்கே போய்க் குனிவாள். எதையோ கழற்றிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், வாய் முணுமுணுக்கும். தீபம் காட்டுகிற மாதிரியே இருந்தது புஷ்பவதிக்கு. முனியாண்டிக்கு மூன்று கல் வைப்பது தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா என்ன? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

வைகாசியில் மழை பிடித்தது. வெள்ளிக்கிழமையோடு கரண்டும் போய், போனில் சிக்னலும் போனது. சனிக்கிழமை சுதர்சினி பிள்ளையை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனவள், அந்தி சாய்ந்தும் திரும்பவில்லை. இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று புஷ்பவதி குடையைப் பிடித்துக்கொண்டு கான் பக்கம் போனாள்.

கம்பில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், கழுத்து வெட்டியது, சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. அதன் மேல் மஞ்சள் கோடு ஒன்று, அதற்கு மேலே குங்குமம் மாதிரி சிவப்புக் கோடு ஒன்று. உள்ளே தண்ணீர். சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

"மந்திரிச்ச தண்ணி!" அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தில் பாதி, சந்தோஷத்தில் மீதி. தான் நினைத்தது சரியாகப் போவதில் மனுஷருக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது பொல்லாதது. இயேசுவின் நாமத்தைச் சொல்லி மூன்று முறை கடிந்துகொண்டு போத்தலைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை உதறிவிட்டுத் திரும்ப மாட்டினாள். நாளைக்குப் பாஸ்டர் சாட்சி கேட்கட்டும், சபைக்கு முன்னாலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை ஓயவில்லை. பஸ் பாதி வழிதான் வந்தது என்று பாஸ்டர் இரண்டு மைல் நடந்து, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே அவர் முதலில் கேட்டது சுதர்சினியைத்தான்.

"சிஸ்டர், போத்தல் என்ன சொல்லுது?"

புஷ்பவதி காதைத் தீட்டிக்கொண்டாள். பாஸ்டருக்கும் தெரியுமா?

"நேத்து காலையில கொட்டிட்டு வச்சதுக்கு மஞ்சள்ல பாதிதாங்க பாஸ்டர்" என்றாள் சுதர்சினி. "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. பேயுற மழைய பாத்தா கூடுதலாத்தான் தெரியுது. ஆனா போத்தல் பொய் சொல்லாதே. மஞ்சளுக்கு வந்தா சாமான கட்டணும், செவப்புக்கு வந்தா எல்லாரையும் கெளப்பி ஸ்கூலுக்கு போயிறணும்னு கோவில் மீட்டிங்குல அந்த ஆபீஸ் மஹத்தயா படிச்சு படிச்சு சொன்னாரு. இன்னைக்கு போக தேவையில்லன்னு லயத்துல சொல்லிட்டேன். மூட்ட கட்டுன ரெண்டு வீட்டுக்காரங்களும் அவுத்துட்டாங்க."

புஷ்பவதிக்கு அப்போதுதான் உறைத்தது. கோவில் மண்டபத்துக் கூட்டம் இதற்குத்தானா? இரண்டாயிரத்துப் பதினாறில் அந்தப் பக்கத்து மலை சரிந்து ஊர்களையே விழுங்கியதை அறியாதவர் யார்? மழையை அளக்கிற போத்தலையா கவிழ்த்தேன்? மண் சரியுமா என்று பார்க்கத்தான் இந்தப் பிள்ளை ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாளா?

பாட்டு ஆரம்பமானது. எல்லோரும் கை தட்டினார்கள். புஷ்பவதியின் கை எழும்பவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாய் தட்டியிருக்கும், காற்று கவிழ்த்திருக்கும். சொன்னாலோ, ஐந்து வருடமாகக் கட்டிக் காத்த பேர் ஒரே நிமிஷத்தில் மண்ணாய்ப் போகும். வேவு பார்த்தவள், கிறுக்கி, கோவிலுக்குப் போகமாட்டேன் என்று வீம்பு பிடித்து ஊரைக் கொல்லப் பார்த்தவள். பேசாமல் எல்லோரையும் ஸ்கூலுக்குப் போவோம் என்று சொல்லிப் பார்த்தால் என்ன? ஏன் எதற்கு என்று கேட்பார்களே. தகரத்தின் மேல் மழை கல்லெறிகிற மாதிரி விழுந்தது. கர்த்தாவே, இன்றைக்கே வந்துவிடாதேயும், நான் இருக்கிற நிலையில் என்னைப் பார்த்துவிடாதேயும் என்று அவள் உள்ளுக்குள் அழுதாள். வாழ்க்கையில் அவள் சத்தமில்லாமல் செய்த முதல் ஜெபம் அது.

"அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம்" என்றார் பாஸ்டர். "சிஸ்டர் புஷ்பவதி, வாங்க. சுதர்சினி சிஸ்டர பத்தி ஒங்க சாட்சிய சொல்லுங்க."

சுதர்சினி தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். புஷ்பவதி எழும்பினாள்.

"அந்த போத்தல் தண்ணிய நேத்து அந்திக்கு நான்தான் ஊத்துனேன்."

சபையில் மற்றவர்களுக்கு உடனே விளங்கவில்லை. சுதர்சினிக்கு மட்டும் விளங்கியது.

"மந்திரிச்ச தண்ணின்னு நெனச்சிட்டேன். நீ சாமி கும்புடுறன்னு... ஒன்னய மாட்டி விடணும்னே பாத்துக்கிட்டு இருந்தேன். நான் பாவி." புஷ்பவதி விம்மினாள்.

"அழுகைய விடுங்கக்கா!" சுதர்சினி பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எவ்வளவு இருந்துச்சு? நல்லா யோசிச்சு சொல்லுங்க, எவ்வளவு இருந்துச்சு?"

"செவப்புக்கு ஒரு வெரக்கட கீழ."

"அதோட மஞ்சள்ல பாதி..." சுதர்சினி வாய்க்குள் கூட்டிப் பார்த்தாள். "ஐயோ, செவப்ப தாண்டி எப்பவோ போயிருச்சு! பாஸ்டர், வயசாளிங்கள தூக்க ஆம்பளைங்கள கூப்புடுங்க. அக்கா, நீங்க ஓடிப்போய் கோவில் மணிய அடிங்க. அதுதான் எல்லாரும் பேசிக்கிட்ட சைகை."

"கோவில் மணியவா?"

"ஓடுங்கக்கா!"

புஷ்பவதி ஓடினாள். செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் மாரியம்மன் கோவில் படியேறி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கையில் பிள்ளையோடும், தோளில் கிழவர்களோடும் சனம் ஸ்கூல் மேட்டை நோக்கி ஏறியது. கடைசி ஆள் தாண்டும்வரை அவள் மணியை விடவில்லை. பழனிமுத்து வந்துதான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பகல் ஒரு மணிக்கு மலை இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை, லொறி மண் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். ஜெபவீட்டோடு சேர்த்துப் பணிய லயத்தின் கடைசி நான்கு காம்பராவும் சேற்றுக்குள் போயின. ஆள் ஒருவரும் இல்லை, எல்லோரும் ஸ்கூல் மண்டபத்தில் இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, அதே ஸ்கூல் மண்டபத்தில், பாய்களுக்கும் சட்டிபானைகளுக்கும் நடுவே ஆராதனை நடந்தது. மேட்டு லயத்துச் சனமும் சும்மா வந்து உட்கார்ந்திருந்தது. பாஸ்டர் வேதத்தை மூடிவிட்டுத் தயக்கத்தோடு பார்த்தார்.

"சிஸ்டர் புஷ்பவதி, போன வாரம் கேட்டது பாதியிலயே நின்னு போச்சு. சுதர்சினி சிஸ்டரோட விசுவாசத்த பத்தி என்ன சொல்றீங்க?"

புஷ்பவதி எழும்பவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த சுதர்சினியைப் பார்த்தாள்.

"அவள பத்தி எங்கிட்ட கேக்காதீங்க பாஸ்டர்" என்றாள். "என்னய பத்தி அவகிட்ட கேளுங்க. அவ சரின்னு சொன்னா, என்னயும் அவளோட ஒருக்கா தண்ணியில முக்கி எடுங்க."