மேகலாவுக்குத் திறந்த கதவுகள்

நிகத்தும் மேகலாவும் ஜூஜுவாடியில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்த்து மருந்து ஊற்றும் வேலையில் இருந்தார்கள். நிகத் பல வருஷமாக அந்தத் தெருக்களில் நடப்பவள். பாகலூர்க்காரி மேகலா போன மழைக்காலத்தில்தான் சேர்ந்தாள். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, யாருக்கு எது வருமோ அதில் பேசுவாள். நிகத்தை ஜன்னல் வழியாகவே அனுப்பிவிடுகிறவர்கள் மேகலாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சுகாதார ஆய்வாளர் ஹரீஷ்குமார் ஒருநாள் நிகத்திடம், மேகலாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அன்று நிகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில், மேகலா பார்த்துவந்த வீட்டுச் சொந்தக்காரி நாராயணம்மா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தது. நிகத் மாடியேறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே புழுக்கள் நெளிந்தன. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. மருந்து ஊற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து ஹரீஷ்குமாருக்கு அனுப்பினாள். தொட்டி காலி என்று நாராயணம்மா சொன்னதை நம்பி மேலே ஏறாமல் விட்டதாக மேகலா ஒத்துக்கொண்டாள். அவளைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றினார்கள்.

அதன்பின் அந்தத் தெருக்களுக்கு நிகத் தனியாக வந்தாள். போட்டோ விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்தது. அபராதம் போட வந்திருக்கிறாள் என்று கிரில் கதவுகளைப் பூட்டிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் கம்பெனிக்குப் போகும் ஒருவரின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி சுவேதா, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அதைக் கேட்டதும் நிகத் நேராக மேகலாவைத் தேடிப் போனாள்.

"போட்டோ அனுப்புனது நான்தான்," என்றாள்.

"தெரியும். புழு இருந்துச்சு, அனுப்புன. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நிகத்."

நிகத் ஹரீஷ்குமாரிடம் போய், மேகலாவைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டாள். கேட்கும்போது வாய் கசந்தது.

மேகலா வந்து குரல் கொடுத்ததும் பூட்டுகள் திறந்தன. இருவரும் ஒரு மாடியும் விடாமல் ஏறி இறங்கினார்கள். கொஞ்ச நாளில் காய்ச்சல் அடங்கியது. சுவேதாவும் வயிற்றுப் பிள்ளையோடு நல்லபடியாக வீடு திரும்பினாள்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்தே போனார்கள். வாசலில் மேகலா பேச ஆரம்பித்ததுமே நிகத் மாடிப்படி ஏறிவிடுவாள். வேலையும் சீக்கிரம் முடிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மேகலாவைப் பார்த்துச் சிரிப்பதை நிகத் நின்று பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.