சமாதானக் கூட்டத்துக்கு வடை

டுசல்டோர்ஃபில் எங்கள் பங்குக் கோவிலில் ஒரு சமாதான வட்டம் இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் யார் யாரை அடித்தாலும் அந்த வட்டம் கூடும். கூடினால் பசிக்கும். பசித்தால் கொறற்றி வடை சுடுவாள். கொறற்றி நான்தான். மன்னாரிலிருந்து வந்து அகதி மனுப் போட்டுவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாமல் ஹைமில், அதுதான் அகதி விடுதியில், குந்தியிருந்தேன். எண்பத்தாறாம் ஆண்டு. நிக்கரகுவாவுக்குச் சுட்டேன், தென்னாபிரிக்காவுக்குச் சுட்டேன்.

சும்மா சுடவில்லை. என் தம்பி கிறிஸ்தோப்பரை ஆமி பிடித்து ஐந்து மாதமாகிவிட்டது. இராணுவ முகாமுக்குள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றுகூட அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் நாலு பேர் பெயர் சொல்லிக் கேட்டால் ஆமி கைவைக்கப் பயப்படும் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். வட்டத்தின் தலைவி ஃபிராவ் ஹெல்விக், இலங்கைத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"கட்டாயம் எழுதுவோம், கொறற்றி. இஸ்ரேல், பாலஸ்தீனக் கூட்டம் மட்டும் முடியட்டும்."

டொறத்தி அக்கா ஹைமில் என் பக்கத்து அறை, யாழ்ப்பாணம். உழுந்து அரைக்கத் துணைக்கு வருவார், அரைக்கும்போது என்னையும் சேர்த்து அரைப்பார். "உனக்கு விசரடி. இவை உலகத்துக்கெல்லாம் அழுது முடிச்சு எங்களிட்டை வரேக்கை கண்ணீர் மிஞ்சாது."

அந்தக் கூட்டம் பெரியது. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் இருந்து பேச உலக நாடுகள் சேர்ந்து ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார்கள். மேடையில் முதல் கையெழுத்தை இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று போட வேண்டும். ஒருவர் இஸ்ரேலிலிருந்து வந்த மிரியம். மற்றவர் நபில், பாலஸ்தீனர், லெபனான் அகதி முகாமொன்றில் பிறந்து கேல்ன் நகரில் பல் வைத்தியராக இருந்தவர். இந்த இரண்டு பேரையும் ஒரு மேடைக்குச் சம்மதிக்க வைக்க ஃபிராவ் ஹெல்விக்குக்கு ஒரு வருடம் பிடித்தது.

கூட்டம் தொடங்க முன் மிரியம் நான் வடை சுட்டுக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார். அறுபது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைமுடி. இதே நகரத்தில் பிறந்து, யூதர்களைக் கொன்ற காலத்தில் சின்ன வயதில் தப்பி ஓடியவராம். ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டு, நல்ல சுவை என்று தலையாட்டினார்.

"எந்த நாடு நீங்கள்?"

"இலங்கை."

அவருடைய முகம் மலர்ந்தது. "என் மகனும் அங்கேதான் இருக்கிறான்!"

பெற்ற தாய்க்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைத்தால் போதும், நாடு எதுவானாலும் கதை நிற்காது. மகன் லெபனான் சண்டையில் அகப்பட்டிருந்தானாம். அவனை வீட்டுக்கு அனுப்பு என்று எழுதிய மட்டையோடு இவர் தெருவில் நின்றாராம். சொந்தச் சனமே துப்பியதாம். கடைசியில் அவன் இராணுவத்தை விட்டு, ஒரு கம்பனியில் சேர்ந்து கொழும்புக்குப் போனானாம். "கடலும் இளநீருமாக எழுதுகிறான். இப்போதுதான் நான் நித்திரை கொள்கிறேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இஸ்ரேல்காரர் வந்து ஆமிக்குப் பழக்குகிறார்கள் என்பது எங்கள் ஹைமில் நாள்தோறும் அடிபடும் கதை.

"கம்பனியில் என்ன வேலை?"

"பயிற்சி கொடுக்கிறான்."

"யாருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மிச்ச வடையைத் தட்டில் வைத்தார்.

"கொறற்றி, வாயைப் பொத்து," என்றார் டொறத்தி அக்கா தமிழில். "இண்டைக்கு இது அவையின்ரை நாள். எங்கடை கதையை இதுக்குள்ளை கொண்டு வராதை."

நான் எங்கே கேட்டேன்? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஐந்து மாதமாகத் தட்டிய கதவெல்லாம் எங்கே, இந்த ஒரு அம்மா எங்கே. அவருடைய இரண்டு கையையும் பிடித்தேன். என் விரலில் மா ஒட்டியிருந்தது.

"என் தம்பி கிறிஸ்தோப்பர். மன்னார். இருபத்திரண்டு வயது. உங்கள் மகனிடம் கேளுங்கள். உயிரோடு இருக்கிறானா, அது மட்டும் போதும்."

அவர் சாட்டுச் சொல்லியிருக்கலாம், என் மகன் அப்படியில்லை என்று சண்டை பிடித்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நேரே பங்கு அலுவலகத்துக்குப் போய் ரெலிபோனை எடுத்தார். நான் வாசலில் நின்றேன். அவருடைய பாஷை எனக்குப் புரியாது. அதற்குள் தம்பியின் பெயர் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு அவர் ஒருமுறை கத்தினார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனுக்கு ஆட்களின் பெயர் தெரியாதாம். சுடப் பழக்குவது மட்டும்தானாம்."

"விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்."

"சொன்னேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கேட்டால், அவன் பெரிய ஆள் என்று நினைப்பார்களாம். உயிரோடு இருந்தால், அப்படியே இருக்க விடுங்கள், ஒருவரும் கேட்காதீர்கள் என்கிறான்." கையில் ஒட்டியிருந்த என் மாவைத் துடைத்தார். "லெபனானிலிருந்து அவனை வெளியே இழுத்தது நான். நான்தான்."

கோட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பின்கதவால் போய்விட்டார். ஃபிராவ் ஹெல்விக் ட்ராம் தரிப்பு வரைக்கும் ஓடிப்போய்த் தனியே திரும்பி வந்தார். மேடையில் இரண்டு கதிரை போட்டிருந்தது. ஒன்றில் நபில் இருந்தார். விருந்தாளிக்குச் சுகமில்லை என்று அறிவித்தார்கள். ஒரு பக்கக் கையெழுத்தோடு விண்ணப்பம் அனுப்ப முடியாது என்று சனத்தைக் கலைத்தார்கள். சனம் வடையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைந்தது.

நபில் குசினிக்கு வந்தார். நடந்ததை ஃபிராவ் ஹெல்விக் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"இந்த நாட்டில் நான் தனியாகப் பேசினால் பயங்கரவாதி. பக்கத்தில் அவர்களில் ஒருவர் நின்றால்தான் இவர்கள் காது கொடுப்பார்கள். இன்றைக்கு ஒருவர் வந்திருந்தார்." சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. "உங்கள் தங்கையாக இருந்தால் பொறுப்பீர்களா?"

அவர் யோசித்தார். அவருடைய தங்கை இன்னும் அந்த லெபனான் முகாமில்தான் இருக்கிறாள், முகாமைச் சுற்றி வளைத்துப் பீரங்கிச் செல் அடிக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

"மாட்டேன்," என்றார்.

துணியை எடுத்து நான் கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். முடிந்ததும் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

வட்டம் இனி என்னை வாசலிலும் சேர்க்காது என்று நினைத்திருந்தேன். அடுத்த கிழமை ஃபிராவ் ஹெல்விக் ஹைமுக்கே வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் தூதரகத்துக்கு எழுதிய கடிதம், கீழே வட்டத்தில் இருந்த எல்லோருடைய கையெழுத்தும்.

"உங்கள் முறை வந்துவிட்டது, கொறற்றி."

தம்பியின் பெயர் பெரிய எழுத்தில் பிழையில்லாமல் இருந்தது. இதற்காகத்தானே இத்தனை நாளும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வெந்தேன். டொறத்தி அக்காவைப் பார்த்தேன். "அனுப்பவோ, விடவோ?"

"எனக்கென்னெண்டு தெரியும், பிள்ளை? அந்த மனுசியின்ரை பெடியன் பொய்யும் சொல்லியிருப்பான், உண்மையும் சொல்லியிருப்பான்." அன்றைக்கு அக்காவிடம் பகிடி இருக்கவில்லை.

"அனுப்பாதீர்கள்," என்றேன் ஃபிராவ் ஹெல்விக்கிடம்.

"அப்படியென்றால் இவ்வளவு நாளும் என்ன கேட்டீர்கள்?"

கடிதத்தைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ரெலிபோனில் எடுத்தார். ஊரில் பங்குச் சுவாமி தங்கும் அறைவீட்டில்தான் ரெலிபோன் இருந்தது. லைன் கிடைக்க அரைநாள் காத்திருப்பாராம்.

"பிள்ளை, அந்தக் கோயில் சனம் தம்பியைப் பற்றிக் கேட்டவையோ?"

வேறு என்ன சொல்ல? ஐந்து மாதமாக அந்த மனுசி இந்த ஒரு கேள்வியில்தான் உயிர் வைத்திருந்தது.

"ஓம், அம்மா. கேட்டவை."

அம்மா ஓவென்று அழுதார். சந்தோசம். பக்கத்தில் நின்ற சுவாமிக்கும் சொல்லுவது கேட்டது. "அப்ப இனிப் பயமில்லை. நாளைக்கு விடியவே முகாம் வாசலுக்குப் போறன். கிறிஸ்தோப்பரை ஜெர்மனியிலை இருந்து கேட்டிருக்கினம், அவனிலை ஒருத்தரும் கைவைக்க ஏலாது எண்டு அவங்களுக்குச் சொல்லப்போறன்."

"அம்மா, வேண்டாம்! போகாதேங்கோ, அம்மா!"

நான் கத்தியதில் ஹைமில் இருந்த அத்தனை பேரும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. லைன் அறுந்திருந்தது.