வெள்ளைப் பேண்ட் போட்டு ஒரு சுற்று

தோட்டத்தில் உண்ணி ஒழியும்வரை நாய்க்கு வீட்டுக்குள் இடமில்லை என்று தையல்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். நாய் காலடியில் படுக்காமல் அவள் கணவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் முழங்கால் உயரப் புல்லை வெட்ட உடம்பு வணங்கவில்லை. அதன் மேலேயே வேப்பெண்ணெயைத் தெளித்துவிட்டு வந்து நின்றார்.

“ஒரு உண்ணி கிடையாது. நாயை உள்ள விடு.”

“அப்படியா? இந்த வெள்ளைப் பேண்டைப் போட்டுக்கிட்டுப் புல்லுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, பார்ப்போம்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வந்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“ஒண்ணு, ரெண்டு... ஏழு. அசையாதீங்க, எட்டாவது மேல ஏறுது!”

“ஐயோ, தட்டி விடுடி!”

“இனி நாயோட நீங்களும் வெளியிலதான்.”

“சரி தாயே, புல்லறுக்கிற அரிவாள் எங்க?”

“மூணு நாளா உங்க தலைமாட்டுலதான் இருக்கு. உள்ள வராதீங்க, ஜன்னல் வழியாத் தர்றேன்.”