பூவாடைக்காரி பிடித்த கயிறு

கன்னியப்பன் யாரையும் நம்பாதவன். பால்காரன் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பான். டாக்டர் கொடுத்த மாத்திரையை முதலில் கோழிக்குப் போட்டுப் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவன் ஒரு பாய்ப்படகை நம்பி நடுக்கடலில் உட்கார்ந்திருந்தான் என்றால், அதற்குக் காரணம் அவன் முதலாளி வீரராகவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் செய்து நாலு காசு பார்த்தவர், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் அந்தப் படகை வாங்கிவிட்டார். அதை 'யாட்' என்று சொல்ல வேண்டுமாம். அந்தமான் பக்கம் போய்வர ஆசை. பாயும் சுக்கானும் அவர் பாடு. உள்ளே இருந்த டீசல் இன்ஜின் கன்னியப்பன் பாடு.

புறப்பட்டபோது வீடு நன்றாக இல்லை. மகள் கஸ்தூரி, ஆவடி குவார்ட்டர்ஸ் பையன் மனோகரனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாங்கி ஃபேக்டரி வேலை, தெற்கத்திக் குடும்பம். கன்னியப்பன் விசாரித்துப் பார்த்தான். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாயிருந்தது. முடிவை வீட்டுச் சாமியான பூவாடைக்காரியிடம் விட்டான்.

பூவாடைக்காரி வேறு யாருமில்லை, அவன் தங்கச்சி வேம்புலியம்மாள்தான். கல்யாணம் நெருங்கிய சமயத்தில் திருமுல்லைவாயில் ஏரிக்குத் தண்ணிக்குப் போனவள் திரும்பவில்லை. குடம் மட்டும் மிதந்தது. உடம்பு கிடைக்கவில்லை. கன்னியாகச் செத்தவள் வீட்டுச் சாமி ஆவாள், அவள் உத்தரவு இல்லாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் நடக்காது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வருஷா வருஷம் பம்பை அடித்து, ஏரித் தண்ணீரில் அவளை அழைத்துவந்து, புதுச் சீலை வைத்துப் படைத்தார்கள். அவள் இறங்குவது எப்போதும் கன்னியப்பன் பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் மேல்தான். இந்தத் தடவையும் இறங்கினாள். "குவார்ட்டர்ஸ் பையன் வாணாம், தாய்மாமனுக்கே கட்டு" என்று ஆடிச் சொன்னாள். தாய்மாமன் என்றால் பஞ்சவர்ணத்தின் கூடப்பிறந்த தம்பி. பால்காரனை நம்பாத கன்னியப்பன் சாமியை நம்பினான். ஊர் திரும்பியதும் நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் படகேறினான். கஸ்தூரி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

குடிதண்ணீர் குறைந்துபோய், வழியில் தெரிந்த ஒரு சின்னத் தீவுக்குப் படகைத் திருப்பினார்கள். துறை என்று பேர்தான். பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து, ஒரு கட்டைப்பாலம், கருவாட்டு நாற்றம், நாலைந்து தகரக் கூரை. காற்று செத்துக் கிடந்ததால் இன்ஜினைப் போட்டு மெல்ல நுழைந்தார்கள். பாலத்தில் ஒருத்தி குனிந்து மீன் அலம்பிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் கயிற்றை வீசினான். அது தண்ணீரில் விழுந்தது.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? ஒயுங்கா வீசுய்யா!"

கடலின் இந்தக் கோடியிலா தன் ஊர்ப் பேச்சு? மறுபடி வீசினான். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

வேம்புலி.

உடம்பு பெருத்து, முன்மயிர் நரைத்திருந்தது. ஆனால் அவளேதான். கடல் தாண்டி வந்து காட்சி கொடுக்கிறாளா? சட்டென்று அவள் காலைப் பார்த்தான். ஆவிக்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். இந்தக் கால்கள் பலகையில் நன்றாகப் பதிந்து, ஈரத் தடம் விட்டு, மீன் செதில் ஒட்டிக் கிடந்தன. கட்டைவிரலில் நகம் இல்லை. சின்ன வயசில் அம்மிக்குழவியைப் போட்டு அதை நசுக்கியவனே அவன்தான்.

"அண்ணாத்தே?" என்றாள் அவள்.

கயிற்றின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். யாரும் விடவில்லை, கட்டவுமில்லை. படகு தன்பாட்டுக்குப் போய்ப் பாலத்தில் முட்டியது. "யோவ் கன்னியப்பா, இன்ஜின நிறுத்துய்யா!" என்று முதலாளி கத்தினார். அப்புறம் அவரே இறங்கிப் போய் நிறுத்தினார்.

"நீ செத்துட்டியேடி."

"யாரு சொன்னா?"

"கொடம் மெதந்துச்சே!"

"ஓடறவ கொடத்தையும் தூக்கிகினா ஓடுவா? நம்ம தெருவுல வேல செஞ்ச கொத்தனாரோட கப்பலேறிட்டேன். இங்க ஊடு கட்ட ஆள் எடுத்தாங்க."

பாலத்தில் ஏறி அவளை அறையக் கை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. சாமியை எப்படி அடிப்பது? அப்படியே பலகையில் உட்கார்ந்தான்.

"உன்னிய பூவாடக்காரியா வெச்சுக் கும்புட்டுகினு கீறோம்டி. பம்பை அடிச்சி, வருசா வருசம் சீலை வெச்சி..."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மீன் நழுவிக் கடலில் விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா அழுதுச்சா?"

"சாவற வரிக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தச் சீலையெல்லாம் யாரு கட்டிகினது?"

"பஞ்சவர்ணம்தான். அவ மேலதானே நீ வர்றே. இப்பக்கூட வந்து சொன்னியே, கஸ்தூரிக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் பையன் வாணாம், தாய்மாமனுக்கே கட்டுன்னு."

"நானா?" வேம்புலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "தாய்மாமனுக்குக் கட்டச் சொல்லி நானா சொன்னேன்? என்னிய மாமனுக்குக் கட்டப் பாத்தீங்கன்னுதானே கடல் தாண்டி ஓடியாந்தேன்!"

இத்தனை வருஷம் விழுந்து விழுந்து எழுந்தது யார் காலில் என்று கன்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாலத்துக் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"உன் ஊட்டு சாமி நான்தானே? அப்ப நல்லா கேட்டுக்கோ." மீன் கையாலேயே அவன் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள். "பொண்ணு கேட்ட பையனுக்கே கட்டிக் குடு. இல்லாங்காட்டி அவளும் ஒரு கொடத்த மெதக்க வுட்டுட்டுப் பூடுவா."

ஒரு காலத்தில் அவளைத் தலையில் குட்டிக் குட்டி வளர்த்தவன் அவன். கைகள் தாமாகக் குவிந்தன.

"சரி தாயே."

தண்ணீர் பிடித்துப் படகு கிளம்பும்போது, "ஊருக்கு வந்துடேன்டி" என்றான்.

"செத்தவ வந்துட்டான்னு சாணித்தண்ணி தெளிப்பீங்க. நான் இங்கியே கீறேன். அந்தச் சீலைய மட்டும் இனிமே இங்க அனுப்பு."

தீவு சிறுத்துக்கொண்டே போனது. கன்னியப்பன் நெற்றியைத் துடைக்கவில்லை.

"யாருய்யா அந்தம்மா?" என்றார் வீரராகவன்.

"எங்க ஊட்டு சாமிங்க."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்து, ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார்.

அதைக் குடித்துவிட்டு அவன் சொன்னான். "ஊருக்குப் போனதும் லீவு வேணுங்க. பொண்ணு கண்ணாலம்."

"தெரியுமே. மாப்ள உன் மச்சான்தானே?"

"இல்லீங்க," என்றான் கன்னியப்பன். "அந்த உத்தரவக் குடுத்தது வேற ஆளு."